வரி கட்டும் நாம் கணக்குக் கேட்கும் இடம் எது?



இரவு கடை அடைக்கும் முன் சிட்டையைப் பார்த்து, கல்லாவில் உள்ள ரொக்கத்தோடு ஒத்துப் பார்க்காமல் எந்த மளிகைக் கடைக்காரரும் வீட்டுக்குப் போவதில்லை. பத்து ரூபாய் குறைந்தாலும் எங்கே போனது என்று கேட்கிறோம். சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியிடம் மாதம் ஒரு முறையாவது பற்று வரவு பார்த்து நேர் செய்கிறோம். ஆனால் வரியாக நாம் கட்டும் பணத்துக்கு யார் கணக்கு எழுதுகிறார்கள், அதை யார் சரிபார்க்கிறார்கள், தவறு இருந்தால் எங்கே கேட்கலாம் என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

மேச்சேரி கடைவீதியில் உள்ள நடுத்தர மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தக் கடையிலிருந்து பணம் மூன்று அரசுகளுக்குப் போகிறது. சரக்கு மற்றும் சேவை வரியில் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் சேருகிறது. தொழில் வரி, சொத்து வரி, உரிமக் கட்டணம் ஆகியவை பேரூராட்சிக்குச் செல்கின்றன. கட்டடம் வாடகைக்கு என்றாலும் சொத்து வரி கடைசியில் வாடகையில்தான் ஏறுகிறது. இவை தவிர, மின் கட்டணம் மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனத்துக்குப் போகிறது. அந்த நிறுவனம் நஷ்டப்பட்டால் கட்டண உயர்வாகவோ, அரசு கொடுக்கும் மானியமாகவோ அதுவும் நம் தலையில்தான் விழும்.

வரி விதிக்கும் அதிகாரம் இப்படி மூன்று தட்டுகளாகப் பிரிந்திருக்கும்போது, கணக்குக் கேட்கும் அதிகாரமும் மூன்று தட்டுகளிலும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சேலத்து மதுவிலக்கும் விற்பனை வரியும்

விற்பனை வரியின் வரலாற்றில் நம் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், பொருள் விற்பனை மீது வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தது. 1937ல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். நிதிப் பொறுப்பையும் அவரே வைத்திருந்தார். 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் முதலில் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் நின்றது. மதுவிலக்கு மற்ற மாவட்டங்களுக்கும் பரவும்போது ஏற்படும் பள்ளத்தை நிரப்ப வேறு வருமானம் வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். விகிதம் மிகக் குறைவு. ஆனால் பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் வரி உண்டு. வணிகர்கள் எதிர்த்தார்கள். ராஜாஜி சட்டசபையில் நின்று விளக்கம் சொன்னார்.

அந்த அதிகாரத்தின் எல்லை என்ன என்ற வழக்கும் விரைவிலேயே எழுந்தது. கடலை எண்ணெய் ஆட்டி விற்ற போட்டு பைதண்ணா நிறுவனம், உற்பத்தியாளர் செய்யும் முதல் விற்பனைக்கு மாகாணம் வரி போட்டால் அது மத்திய அரசுக்கு உரிய உற்பத்தித் தீர்வை போலாகிவிடும் என்று வாதிட்டது. 1942ல் பெடரல் கோர்ட் மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொருளைச் செய்வதற்குப் போடும் வரி வேறு, விற்பதற்குப் போடும் வரி வேறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று வரியை முடிவு செய்தது சென்னையில் இருந்த சட்டசபை. பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் அதே சபையில் இருந்தார். 1959ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டத்திலும், 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மதிப்புக் கூட்டு வரியிலும் இந்த நிலை மாறவில்லை. ஒரு பொருளின் வரி கூடினாலும் குறைந்தாலும், கோட்டையில் இருக்கும் அமைச்சரைப் பார்த்து மனுக் கொடுத்தோம். அவர் செய்யலாம், செய்யாமல் விடலாம். ஆனால் முடிவு அவர் கையில் இருந்தது.

2. 2017 ஜூலை 1க்குப் பிறகு

2016ல் நிறைவேறிய 101ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்த நிலையை மாற்றியது. மத்திய நிதி அமைச்சர் தலைவராகவும் எல்லா மாநில அமைச்சர்களும் உறுப்பினர்களாகவும் உள்ள ஜி.எஸ்.டி. கவுன்சில் அமைந்தது. அதில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு எடை. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஆகவே மத்திய அரசு சம்மதிக்காத எதுவும் நிறைவேறாது. மாநிலங்களுக்குள் பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற வேறுபாடு கிடையாது. தமிழ்நாட்டின் வாக்குக்கும் சிக்கிமின் வாக்குக்கும் ஒரே எடை.

தமிழ்நாடு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தை 2017 ஜூனில் நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் சட்டமன்றத்துக்கு வர வேண்டும். ஆனால் எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்பது அறிவிக்கையின் மூலம் வருகிறது. கவுன்சில் பரிந்துரைக்கும், மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனியே அறிவிக்கை வெளியிடும், குறித்த தேதியில் நாம் பில் போட வேண்டும். அறிவிக்கைகள் பிறகு சட்டமன்றத்தில் வைக்கப்படும். முன்கூட்டிய விவாதத்துக்கு அங்கே கட்டாயம் இல்லை.

இதன் விளைவை மளிகைக் கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கவுன்சில் கூடியது. அதுவரை பதிவு பெற்ற வணிகப் பெயர் கொண்ட அரிசி, மாவு, பருப்பு ஆகியவற்றுக்கு இருந்த 5 சதவீத வரி, ஜூலை 18 முதல் 25 கிலோவுக்கு மேற்படாத, பொதி செய்து விவரச்சீட்டு ஒட்டிய எல்லாவற்றுக்கும் வந்தது. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. பிறகு சந்தைக்கு 26 கிலோ அரிசி மூட்டை வந்ததையும் நாம் பார்த்தோம். பாரதிய ஜனதா ஆளாத மாநிலங்கள் உட்பட எல்லோரும் சம்மதித்தே இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று மத்திய நிதி அமைச்சர் விளக்கம் தந்தார். வெளியே வந்து எதிர்த்த கட்சிகள் பல உண்டு. உள்ளே எந்த மாநிலம் என்ன பேசியது என்று அந்த நேரத்தில் கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. கவுன்சில் கூட்டம் சட்டமன்றம் போலப் பார்வையாளருக்குத் திறந்ததல்ல.

இன்னொரு உதாரணம் கடை வாடகை. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத உரிமையாளரிடம் பதிவு பெற்ற வணிகர் வாடகைக்கு இருந்தால், வாடகை மீதான 18 சதவீத வரியை வணிகரே கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் வந்தது. மாத வாடகை 10,000 ரூபாய் என்றால் வரி 1,800 ரூபாய். சாதாரண முறையில் வரி கட்டுபவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். இணக்க வரி முறையில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு அந்தக் கழிவு கிடையாது, முழுதும் கைப்பணம். வணிகர் அமைப்புகள் பல மாநிலங்களில் குரல் கொடுத்தன. நம் மாநிலத்தில் மதுரை போன்ற ஊர்களில் கடையடைப்பும் நடந்தது. டிசம்பரில் கூடிய கவுன்சில் இணக்க வரி செலுத்துவோருக்கு விலக்குப் பரிந்துரைத்தது. 2025 ஜனவரி 16 முதல் விலக்கு நடைமுறைக்கு வந்தது.

இந்த இரண்டாவது உதாரணம் நமக்கு நம்பிக்கை தருவது. பாதிப்பு யாருக்கு, எவ்வளவு, ஏன் என்று கணக்கோடு எடுத்துச் சொன்னபோது மூன்று மாதத்தில் முடிவு மாறியது. அதே சமயம், இந்தக் கணக்கை வரி வருவதற்கு முன்பே ஒரு சட்டமன்றக் குழு போட்டுப் பார்த்திருந்தால் அந்த மூன்று மாதத் தொல்லையும் வந்திருக்காது.

கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், மோகித் மினரல்ஸ் வழக்கில் பதில் தந்தது. பரிந்துரைகளுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவை சட்டம் இயற்றும் சபைகளைக் கட்டுப்படுத்தா என்பது தீர்ப்பு. நடைமுறையில் நாடு முழுவதும் ஒரே விகிதம் என்ற ஏற்பாட்டை எந்த மாநிலமும் உடைக்க முன்வரவில்லை. ஆயினும் சட்டமன்றம் கேள்வி கேட்க உரிமை உள்ள இடம் என்பது அந்தத் தீர்ப்பால் உறுதியாகிறது.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கவுன்சில் முடிவு செய்து செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்ததும் இதே வழியில்தான். குளியல் சோப்பும் பிஸ்கட்டும் 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததில் நமக்கும் வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சியே. ஆனால் வரி குறைந்தால் மாநில வருமானமும் குறையும். 2022 ஜூன் 30 வரை மாநிலங்களுக்கு வருவாய் இழப்பீடு இருந்தது. 2015-16ஐ அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி உறுதி செய்யப்பட்டது. அந்த உறுதி முடிந்துவிட்டது. குறைவை மாநிலம் எங்கே ஈடு செய்யும்? ஜி.எஸ்.டி.க்கு வெளியே அதன் கையில் மிஞ்சியிருப்பவை மது, பெட்ரோல், டீசல், பத்திரப் பதிவு, வாகன வரி போன்றவை. மது விற்பனை மூலம் 2023-24ல் தமிழ்நாட்டுக்கு வந்த வருமானம் சுமார் 45,855 கோடி ரூபாய். மது வருமானத்தை விட்டதற்கு ஈடாக விற்பனை வரி பிறந்த மாநிலம் இது என்பதை நினைத்தால் நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது புரியும்.

3. தில்லியிலிருந்து திரும்பி வரும் பங்கு

மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் ஒரு பகுதி மாநிலங்களுக்குத் திரும்ப வருகிறது. எவ்வளவு என்பதை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அமையும் நிதி ஆணையம் பரிந்துரைக்கும். 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதி ஆணையத்தின் கணக்கைப் பார்ப்போம். பகிர்வுக்குரிய தொகுப்பில் 100 ரூபாய் இருந்தால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 ரூபாய். அந்த 41 ரூபாயில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், அதாவது 1 ரூபாய் 67 காசு. 1995-2000 காலத்துக்கான 10ஆவது நிதி ஆணையத்தில் மாநிலங்களிடையே நம் பங்கு 6.637 சதவீதமாக இருந்தது. வருமானம் குறைந்த மாநிலங்களுக்கும் மக்கள்தொகை கூடிய மாநிலங்களுக்கும் அதிகம் தர வேண்டும் என்ற அடிப்படையில் இந்தப் பங்கு படிப்படியாகக் குறைந்து வந்தது.

இதில் வணிகர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. மேல்வரியும் கூடுதல் வரியும் பகிர்வுத் தொகுப்பில் சேராது. பெட்ரோல் மீது உற்பத்தித் தீர்வை என்ற பெயரில் ஒரு ரூபாய் வாங்கினால் மாநிலத்துக்குப் பங்கு உண்டு. மேல்வரி என்ற பெயரில் அதே ரூபாயை வாங்கினால் பங்கு கிடையாது. கட்டுகிற நமக்கு இரண்டும் ஒன்றே. எந்தத் தலைப்பில் வரவு வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பேரேட்டில் ஒரு தொகையை எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதன் முக்கியத்துவம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தலைப்பு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2020ல் வந்த தணிக்கை அறிக்கை சாட்சி. மாநிலங்களின் இழப்பீட்டுக்கென்று வசூலித்த மேல்வரி, அதற்கென உள்ள தனி நிதியில் சேர வேண்டும். 2017-18, 2018-19 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 47,272 கோடி ரூபாய் அப்படிச் சேராமல் மத்திய அரசின் பொதுத் தொகுப்பு நிதியில் நின்றுவிட்டது என்று கணக்காய்வு மற்றும் தணிக்கைத் தலைவர் எழுதினார். இழப்பீட்டுத் தொகை முழுதும் கொடுக்கப்பட்டுவிட்டது, கணக்கு நேர் செய்யும் வரை தற்காலிகமாக நின்ற தொகைதான் அது என்று நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது. இரண்டில் எது சரி என்று எடை போடுவதை வாசகர்களுக்கே விடுகிறோம். தணிக்கை இல்லாவிட்டால் அப்படி ஒரு தொகை அங்கே நின்றதே வெளியில் தெரிந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

4. நம் பேரூராட்சி

1993ல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளை அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மாநில நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை அமைய வேண்டும் என்றும் சொன்னது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நிகரத் தொகையில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்வது என்பது அண்மைக் கால மாநில நிதி ஆணையங்களின் பரிந்துரை. அத்துடன் மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் வருகிறது. மீதியை உள்ளாட்சி தானே திரட்ட வேண்டும்: சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை. தொழில் வரிக்கு அரசியல் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது; ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. அதனால் கூடுதல் பணம் வேண்டுமானால் சுமை சொத்து வரி மீதுதான் ஏறும்.

2022ல் நடந்ததை நினைவுபடுத்திப் பார்ப்போம். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19ல்தான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். வரி வசூல் நிற்கவில்லை. மன்றத்தில் கேள்வி கேட்க உறுப்பினர்தான் இல்லை. 2018ல் சொத்து வரியை உயர்த்தி அரசாணை வந்தது. எதிர்ப்பு எழுந்து 2019 நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 2022 மார்ச் 2ல் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். அதே மாத இறுதியில் சொத்து வரிச் சீராய்வு அரசாணை வந்தது. நம்மைப் போன்ற ஊர்களில் குடியிருப்புகளுக்கு அளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் உயர்வு. அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டிய கடைக்கு 2,400 ரூபாய். ஆண்டுதோறும் சிறிது உயரும் முறையும் பின்னர் சேர்ந்தது.

அரசு சொன்ன காரணங்களில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. அத்துடன், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலையும் உயர்த்தினால்தான் மானியம் கிடைக்கும் என்று 15ஆவது நிதி ஆணையம் நிபந்தனை வைத்திருந்தது. அதாவது தில்லியில் எழுதிய நிபந்தனை, சென்னையில் அரசாணையாகி, பேரூராட்சியில் தீர்மானமாகி, கடைக்காரர் கையில் கேட்பு அறிவிப்பாக வந்தது. பேரூராட்சி உறுப்பினரிடம் கேட்டால் மாநில உத்தரவு என்பார். மாநிலத்தைக் கேட்டால் மத்திய நிபந்தனை என்பார்கள். தில்லியைக் கேட்டால் உள்ளாட்சி மாநிலப் பொருள் என்று பதில் வரும். அதிகாரம் மூன்று தட்டுகளாகப் பிரிந்திருப்பதில் உள்ள பெரிய இடையூறு இதுதான்.

அதே நிதி ஆணையம் இன்னொரு நிபந்தனையும் வைத்தது. உள்ளாட்சிகள் தங்கள் ஆண்டுக் கணக்கையும் தணிக்கை செய்த கணக்கையும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும். வரி உயர்வு நிபந்தனையை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கணக்கு வெளியிடும் நிபந்தனையை நினைவூட்ட வேண்டியது வரி கட்டும் நம் வேலை.

5. பொதுத்துறை நிறுவனங்கள்

மேட்டூர் அனல் மின் நிலையம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. அதன் பழைய நான்கு அலகுகள் 840 மெகாவாட், புதிய அலகு 600 மெகாவாட். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தின் கணக்கு நம் மின் கட்டணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1957ல் தொடங்கிய மின்சார வாரியம் 2010ல் நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024ல் உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் தனித்தனி நிறுவனங்கள் வந்தன. பல ஆண்டுகள் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே நஷ்டம் சேர்ந்தது. கடன் பளுவைக் குறைக்க 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசே ஏற்றது. அதற்கு வட்டி கட்டுவது வரிப்பணம். 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணம் உயர்ந்தது. அதன் பிறகு 2023, 2024, 2025 ஜூலை மாதங்களிலும் மாற்றம் வந்தது. 2022 ஆகஸ்டில் ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. இதுபோன்ற கூட்டங்களில் சிறு வணிகர் சார்பில் யாராவது எண்களோடு பேச வேண்டும்.

பொதுத்துறைப் பணம் பற்றிச் சபையில் எழுப்பும் ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. புதிதாக அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்பவரின் நிறுவனப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதை 1957 டிசம்பரில் மக்களவையில் கிளப்பியவர் ஆளும் கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் சென்னையில் வணிகம் செய்து அரசியலுக்கு வந்தவர். பொதுத்துறை நிறுவனங்களைத் தொடர்ந்து ஆராய நாடாளுமன்றத்தில் தனிக்குழு 1964ல் அமைந்தது. நம் சட்டமன்றத்திலும் பொது நிறுவனங்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. மின்சாரம், போக்குவரத்துக் கழகங்கள், நுகர்பொருள் வாணிபக் கழகம், டாஸ்மாக் ஆகிய மாநில நிறுவனங்கள் அதன் பார்வைக்கு உட்பட்டவை. சேலம் உருக்காலை மத்திய அரசு நிறுவனமான செயிலைச் சேர்ந்தது என்பதால் அதன் கணக்கு நாடாளுமன்றக் குழுவிடம் போகும்.

6. சரிபார்க்கும் முறை

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது, வசூலிக்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 265ஆவது பிரிவு. வசூலான பணத்தைச் சபையின் அனுமதி இல்லாமல் செலவு செய்யவும் கூடாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கை, துறைவாரியான மானியக் கோரிக்கை, நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு என்று வரிசையாக வருகின்றன. இது செலவுக்கு முந்திய பரிசீலனை.

செலவுக்குப் பிந்திய பரிசீலனை தணிக்கையில் தொடங்குகிறது. கணக்காய்வு மற்றும் தணிக்கைத் தலைவரின் மாநில அறிக்கைகள் ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. அவற்றைப் பொதுக்கணக்குக் குழு எடுத்துத் துறைச் செயலாளர்களை அழைத்துக் கேட்கிறது. பிரிட்டனில் 1861ல் தோன்றிய ஏற்பாடு இது. இந்தியாவுக்கு 1921ல் வந்தது. மக்களவையில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே இக்குழுவின் தலைவராக இருப்பது மரபு. பேரூராட்சி போன்ற உள்ளாட்சிகளின் கணக்கை மாநில அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. கணக்கு ஒத்து வராவிட்டால் தணிக்கைத் தடை எழுதப்படும். விளக்கம் தந்து அதை நீக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு.

முறை நன்றாகத்தான் இருக்கிறது. குறை மூன்று இடங்களில். முதலாவது, காலதாமதம். செலவாகி ஓரிரு ஆண்டு கழித்து அறிக்கை வரும். பல முறை கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைக்கப்பட்டு விவாதத்துக்கு நேரமில்லாமல் போயிருக்கிறது. இரண்டாவது, வாசகர் இல்லாமை. அறிக்கையில் உள்ள பெரிய எண் ஒரு நாள் பத்திரிகைச் செய்தியாகி மறைகிறது. மூன்றாவது, ஜி.எஸ்.டி. கவுன்சில் எந்த ஒரு சபைக்கும் நேரடியாகப் பொறுப்பானதல்ல. அங்கே நம் சார்பில் அமரும் அமைச்சர் மட்டுமே நம் சட்டமன்றத்துக்குப் பொறுப்பானவர். ஆகையால் கவுன்சிலில் தமிழ்நாடு என்ன கேட்டது, என்ன கிடைத்தது என்று அவரைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம்.

இதே சிக்கல் உள்ள வேறு நாடு ஒன்றைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் சம்பளம் போன்ற வருமானத்துக்கான வரி விகிதத்தை எடின்பரோவில் உள்ள நாடாளுமன்றம் முடிவு செய்கிறது. வசூலிப்பதோ பிரிட்டன் அரசின் வருவாய்த் துறை. முடிவு ஒருவர், வசூல் இன்னொருவர். அதனால் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அந்த வசூலை மட்டும் ஆண்டுதோறும் தணிக்கை செய்து, ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்று சட்டமே செய்திருக்கிறார்கள். அங்குள்ள குழு அதைப் படித்துக் கேள்வி கேட்கிறது. பொறுப்பு பிரிந்திருக்கும் இடத்தில் கணக்கு யாரிடம் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் ஜி.எஸ்.டி.க்கும் உள்ளாட்சி மானியத்துக்கும் இப்படி ஆண்டுக்கு ஓர் அறிக்கை சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வர வேண்டும் என்று வணிகர் சமுதாயம் கேட்பது நியாயமான கோரிக்கை என்று கருதுகிறோம்.

7. உறுப்பினர்கள் செய்யக்கூடியவை

அ) யாரிடம் எதைக் கேட்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேச்சேரி, மேட்டூர் சட்டமன்றத் தொகுதியிலும் தருமபுரி மக்களவைத் தொகுதியிலும் உள்ளது. வரி விகிதம், கடை வாடகை வரி பற்றி இரண்டு உறுப்பினர்களிடமும் மனுக் கொடுக்கலாம். மேல்வரியும் நிதிப் பங்கும் மக்களவை உறுப்பினர் கேட்க வேண்டியவை. மின்சாரம், சொத்து வரிக் கொள்கை சட்டமன்ற உறுப்பினர் கேட்க வேண்டியவை. வரிப்பணம் எந்தத் தெருவில் செலவாகிறது என்பது பேரூராட்சி மன்றத்தின் பொறுப்பு.

ஆ) பேரூராட்சியிடம் நான்கு எண்களை ஆண்டுதோறும் கேளுங்கள்: வணிகக் கட்டடங்களிலிருந்து கேட்புத் தொகை எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு, நீக்கப்படாத தணிக்கைத் தடைகள் எத்தனை. நிலுவைப் பட்டியல் முக்கியம். பெரிய நிலுவைக்காரர் கட்டாமல் இருக்கும்போது ஒழுங்காகக் கட்டுபவருக்கு வரியை உயர்த்துவது நியாயமா என்று அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்க முடியும்.

இ) நேரில் கிடைக்காத விவரத்தை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். மனு சங்கத்தின் பெயரில் இல்லாமல் தனி நபரின் பெயரில் இருக்க வேண்டும். உரிமை குடிமக்களுக்கு உரியது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எழுதாமல், எந்த ஆவணத்தின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள்.

ஈ) மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழில் வெளியிடுகிறது. வணிகவரி, நகராட்சி நிர்வாகம், எரிசக்தி ஆகிய மூன்றையும் சங்கத்தில் ஒருவர் படித்துச் சுருக்கம் சொன்னால் போதும். சட்டமன்ற உறுப்பினருக்குக் கேள்வி தயாரித்துக் கொடுக்க அதுவே உதவும்.

உ) நம் பக்கத்துக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். பில் போடாமல் விற்றுவிட்டு அரசிடம் கணக்குக் கேட்டால் எடுபடாது. வரி ரசீதுகளைக் குறைந்தது ஆறு ஆண்டுகளாவது ஒரே கோப்பில் வைத்திருங்கள். உயர்வு எவ்வளவு என்று நிரூபிக்க அந்தப் பழைய ரசீதுதான் ஆதாரம்.

2001லும் 2021லும் தமிழ்நாடு அரசு நிதி நிலை குறித்து வெள்ளை அறிக்கைகளை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டு அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் உள்ள பொதுக்கடன் 2,63,976 ரூபாய் என்று கணக்கிட்டுச் சொன்னது. அந்த எண்ணை அரசு சொன்ன பிறகே பலர் தெரிந்துகொண்டோம். அதில் அடங்கிய செலவுகளும் கடன்களும் அதற்கு முன் ஆண்டுதோறும் அறிக்கைகளில் வந்துகொண்டுதான் இருந்தன. படிக்கவும் கேட்கவும் ஆள் இருந்தால் அடுத்த வெள்ளை அறிக்கைக்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை.

இந்தப் பாடத்தைக் கிளைச் சங்கக் கூட்டங்களில் வாசித்து, தங்கள் ஊர்ப் பேரூராட்சியின் நான்கு எண்களையும் திரட்டி வரும்படி உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.